கோவில்பட்டியில் வலிக்கிற கால்

ஆறுமுகநயினாருக்குக் கால் இரண்டும் பாளையங்கோட்டையில் இருந்தன. அந்தக் கால்களின் வலி மட்டும் கோவில்பட்டியில் இருந்தது. நடுவில் அறுபது கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வலி போய்ச் சேரக் கண்சிமிட்டுகிற நேரம்கூட ஆகாது, அதுவும் டிக்கெட் எடுக்காமல்.

நயினார் முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். பஸ்கள் தாமாகவே ஓடக் கற்றுக்கொள்வதற்கு முந்தைய கடைசி செட் டிரைவர். அவர் பிரேக் பிடித்தால் மடியில் தூங்குகிற குழந்தை முழிக்காது, குழந்தையின் கனவில் ஓடுகிற நாய்க்குட்டிகூடத் தடுக்கி விழாது என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் ஏறக்குறைய ஒத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பாதங்களைத்தான் சர்க்கரை வந்து தின்றது. முதலில் பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பஞ்சும் இல்லை, தரையும் இல்லை. பாதம் இருக்கிறதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது.

ஒரு நாள் அவர் செருப்புக்குள் ஒரு திருகாணி ஏறிவிட்டது. நயினாருக்குத் தெரியவில்லை. மார்க்கெட்டுக்குப் போனார், கல்யாணத்துக்குப் போனார், பென்ஷன் ஆபீஸில் நாலு மாடி ஏறினார். நாலு நாளில் அந்தத் திருகாணி திருநெல்வேலி ஜில்லாவையே சுற்றிப் பார்த்துவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் அவர் மனைவி ஆவுடையம்மாள் நடுவீட்டில் நின்று, "யாரு இங்க குங்குமத்தக் கொட்டுனது?" என்று கேட்டாள்.

குங்குமம் இல்லை. வலது காலின் சுண்டுவிரல் அந்த வாரமே போயிற்று.

டாக்டர் ஜெஸிந்தா கட்டுப் பிரித்தபடி சொன்னாள்: "வலிங்கறது ஒரு வாட்ச்மேன், நயினார் சார். உங்க கால்ல வாட்ச்மேன் வேலைய விட்டுட்டுப் போயிட்டாரு. இனிமே திருடன் வந்தா யாரு சத்தம் போடுவா?"

"நான் பாத்துக்கிடுதேன் டாக்டர்."

"பாத்துக்கிட்டதாலதான் விரல் டப்பாவுக்குள்ள இருக்கு. இன்னொரு புண்ணு வந்தா விரலோட போகாது. முழங்காலுக்குக் கீழ எடுத்துருவோம்."

"அப்ப வேற வாட்ச்மேனப் போடுங்க" என்றார் நயினார், பகடியாக.

டாக்டர் சிரிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஜோடி சாம்பல் நிறக் காலுறையை எடுத்து வைத்தாள். பார்த்தால் சாதாரண சாக்ஸ். நூலோடு நூலாக ஆயிரம் உணரிகள் பின்னப்பட்டிருந்தன. இதைப் போட்டுக்கொண்டு நடந்தால் குத்துவதும் சுடுவதும் உரசுவதும் 'பாதத்துணை' என்கிற கம்பெனியின் கோவில்பட்டி நிலையத்துக்குப் போகும். அங்கே ஒரு பெண் முழங்கால்வரை நீளமான பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருப்பாள். பூட்ஸ் அதே வலியை அவள் நரம்பில் ஏற்றும். எங்கே, எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். இவர் காதிலே மாட்டியிருக்கிற மணியளவுக் கருவியில் கூப்பிட்டுச் சொல்லுவாள்.

"இதுக்கு ஒரு பொம்பளைப்புள்ள எதுக்கு? மிஷினே சொல்லாதாக்கும்?"

"மிஷின்தான் மொதல்ல போட்டாங்க. ஒரு நாளைக்கு நூறு தடவ கத்துச்சு. மணலுக்கும் கத்தும், கண்ணாடிச் சில்லுக்கும் கத்தும். ரெண்டே நாள்ல எல்லாரும் அத அணைச்சு வச்சுட்டாங்க. மனுஷனுக்கு வலிச்சாத்தான் சார் மனுஷன் நம்புறான்."

அதுவரை வாயே திறக்காத ஆவுடையம்மாள் கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு வலிக்குமே டாக்டர்?"

டாக்டர் டிராயரை மூடினாள். "புண்ணு ஆகாதும்மா. வலி மட்டும்தான்."

கோவில்பட்டிப் பெண்ணின் பெயர் சண்முகக்கனி. பழைய தீப்பெட்டித் தொழிற்சாலைக் கொட்டகையைத்தான் கம்பெனி நிலையமாக்கியிருந்தது. அங்கே முன்னே குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள், இப்போது ஆறு பேருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் அவள் குரல் காதுக்குள் கேட்டபோது நயினார் கட்டிலில் இருந்து அரையடி எம்பிவிட்டார்.

"அண்ணாச்சி, வணக்கம். இடது செருப்பு வார் இறுக்குது. ஒரு ஓட்டை தளத்திக் கட்டுங்க."

தளர்த்திக் கட்டினார். உலகத்தில் ஒரு செருப்பு வாருக்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் யாரும் கிடையாது. தெரு முழுக்கப் போய்ச் சொன்னார். மறுநாளே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, புது வண்டியின் சக்கரத்துக்குக் கீழே வைப்பதுபோல் குதிகாலுக்குக் கீழே வைத்து நசுக்கினார்.

காதில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பிறகு, "அண்ணாச்சி, எலுமிச்சம்பழமா?"

"எப்படிட்டி கண்டுபிடிச்ச?"

"உருண்டையா இருந்துச்சு, வெடிச்சுச்சு. டிரைவர்னு ஃபைல்ல போட்டுருக்கு. பூசை போடுதீகளாக்கும்!"

நயினார் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து காலையில் செருப்பு மாட்டியதும் இரண்டு குதிகாலையும் தரையில் டக் டக்கென்று தட்டுவார். கண்டக்டர் இரட்டை விசில் கொடுக்கிற மாதிரி. கோவில்பட்டியிலிருந்து "ரைட்!" என்று பதில் வரும். வண்டி கிளம்பும்.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடுவாரா? கையில் அறுபது கிலோமீட்டர் நீளக் குச்சி ஒன்று கிடைத்துவிட்டது, குத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காலை எறும்புப் புற்றில் வைத்தார். "சிவப்பெறும்பு அண்ணாச்சி, எடுங்க." ஐஸ் தண்ணீரில் வைத்தார். டீக்கடையில் ஆட்கள் கூடுகிறபோதெல்லாம் காலை நீட்டி, "நம்ம காலு எக்ஸ்பிரஸ் காலுவே, வலி கோவில்பட்டியிலதான் எறங்கும்" என்று கிள்ளிக் காட்டினார். அவள் ஒவ்வொரு தடவையும், "யாரோ கிள்ளுதாக அண்ணாச்சி" என்பாள். டீக்கடையே கைதட்டும். ஆவுடையம்மாள் மட்டும் ஒரு நாள், "அது என்ன ஒங்களுக்குக் கிலுகிலுப்பையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சித்திரை மாதத்தில்தான் அந்த மணல் விஷயம் நடந்தது. நயினாரோடு இருபது வருஷம் கண்டக்டராக ஓடிய லூர்துசாமியும் அவரும் தாமிரபரணிக் கரைக்குப் போயிருந்தார்கள். உச்சி வெயில். ஆற்று மணலில் அப்பளத்தைப் போட்டால் பொரிந்து, தானாகவே எழுந்துபோய்ச் சோற்றில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு சூடு.

"இதுல நின்னு காட்டும் பாப்போம்" என்றார் லூர்துசாமி.

"எவ்வளவு நேரம்வே வேணும்?"

"இருபது எண்ணும்."

நயினார் செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு மணலில் இறங்கினார். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினார். காதில் சண்முகக்கனி, "அண்ணாச்சி, சுடுது. காலத் தூக்குங்க" என்றாள். ஏழு, எட்டு. "அண்ணாச்சி, தூக்குங்க." பதினைந்து. "அண்ணாச்சி!" இருபது வந்தது. லூர்துசாமி போதும் என்று கையாட்டினார். நயினாருக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது. முப்பத்தைந்து வரை அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கூப்பிடவில்லை. நாற்பதில் கரையேறினார்.

"என்னவே, அந்தப் புள்ளை என்ன சொல்லுது?" என்று லூர்துசாமி கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றார் நயினார். தோல் சிவந்ததோடு தப்பினார். டாக்டர் ஜெஸிந்தா கத்தியதில் ஆஸ்பத்திரி ஜன்னல்கள் ஆடின.

மூன்று நாள் காதில் வேறு யாரோ பேசினார்கள். நான்காம் நாள் காலை ஏழு மணிக்குச் சண்முகக்கனி வந்தாள். மணலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, வீட்ல முகம் பாக்குற கண்ணாடி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"தரையில வச்சு உள்ளங்காலக் காட்டுங்க. நல்லா வெளிச்சத்துல. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க."

"நல்லாருக்கே! வலிக்கது ஒனக்கு. நீ சொல்லணும், நான் கேக்கணும். நான் எதுக்குக் குனிஞ்சு பாக்கணும்?"

"மொத டிரிப்பு எடுக்கும்போது வண்டியச் சுத்தி வந்து டயரத் தட்டிப் பாப்பீகளா, மாட்டீகளா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட டயர் தட்டாமல் அவர் வண்டி எடுத்ததில்லை. இரும்புக் கம்பியால் தட்டினால் காற்று எவ்வளவு இருக்கிறதென்று சத்தத்திலேயே சொல்லுவார். டயரின் பட்டன் இடுக்கில் கல் சிக்கியிருந்தால் கத்தியால் நெம்பி எடுப்பார். கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தார்.

அன்றிலிருந்து தினம் அதுதான். குதிகால் பார்த்தீர்களா, விரலிடுக்கு ஈரமாக இருக்கிறதா, செருப்பைக் கவிழ்த்துத் தட்டினீர்களா, உள்ளே கையை விட்டுத் தடவினீர்களா, வெந்நீரை முழங்கை வைத்துப் பார்த்தீர்களா, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கவில்லையே. எல்லாம் முடிந்து செருப்பு மாட்டியதும் டக் டக். "ரைட்!"

எரிச்சலாகத்தான் இருந்தது. விளையாட்டில் பாதிச் சுவை போய்விட்டது. இவர் கிள்ளினாலும் அவள் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கோபம் போல என்று நினைத்துக் கிள்ளுவதை விட்டுவிட்டார். கார்த்திகையில் ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தபோது காலுறையில் ஒரு நெருஞ்சி முள் ஒட்டியிருந்தது.

"என்ன சண்முகக்கனி, முள்ளு இருக்கு, நீ சொல்லலையே?"

சற்றுத் தாமதித்துப் பதில் வந்தது. "சின்னதுதான அண்ணாச்சி. காலைல பாப்பீகன்னு விட்டுட்டேன்."

மார்கழியில் டாக்டர் ஜெஸிந்தா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எட்டு மாசம். ஒரு கீறல் இல்ல. நயினார் சார், உங்க வாட்ச்மேன் பலே வாட்ச்மேன்."

தை மாதம் கோவில்பட்டியில் ஆவுடையம்மாளின் சித்தி பேத்திக்குக் கல்யாணம். தாலி கட்டிச் சாப்பிட்டு முடித்ததும் நயினாருக்கு ஒரு யோசனை. அரைக் கிலோ அல்வா வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவர் தொடக்கூடாத அல்வா. சண்முகக்கனியை நேரில் பார்த்து, ஆச்சரியப்படுத்தி, கொடுத்துவிட்டு வரலாம்.

கொட்டகை வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே மண் வந்தால் கருவிகளுக்கு ஆகாதாம். காலுறையோடு உள்ளே போனார். ஆவுடையம்மாள் பின்னாலேயே வந்தாள். நீளமான கூடம், வழவழப்பான சிமெண்டுத் தரை. நாற்பது பெண்கள் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகளில், சாம்பல் நிறப் பூட்ஸ் போட்ட கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேருக்கும் ஊர் ஊராக வலித்துக்கொண்டிருக்கும், கூடம் கத்தலும் முனகலுமாக அதிரும் என்று நயினார் நினைத்திருந்தார். அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்க்குள் படிக்கிற மாதிரி மெல்லிய சளசளப்பு.

குரலை வைத்து அவளைக் கண்டுபிடித்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "மதுரக்கா, வெந்நியில மொதல்ல முழங்கைய வைங்க. பொறவு கால வைங்க."

நயினார் சத்தமில்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். குதிகால்களைத் தரையில் தட்டினார். டக் டக்.

அவள் திரும்பவில்லை. "ஊத்திட்டீகளாக்கா?" என்றாள்.

காலுறையில் சத்தம் எழவில்லை, ஆனால் காலில் தெரிந்திருக்க வேண்டுமே! இன்னும் ஓங்கித் தட்டினார். ஒன்றுமில்லை. பூட்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியின் காலைத் தன் பாதத்தின்மேல் வைத்து, கையால் ஊன்றி அழுத்தினார். வலி தெரிகிறவர் எழுந்து கூடத்தைச் சுற்றி ஓட வேண்டிய அழுத்தம். சண்முகக்கனி கொட்டாவி விட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு எழுந்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எதிர் வாசலை நோக்கி நடந்தாள். சுவரோரம் யாரோ டீ கிளாஸை உடைத்துப் பெருக்கியும் பெருக்காமலும் விட்டிருந்தார்கள். அதன்மேலேயே நடந்து போனாள். நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆவுடையம்மாள் தரையைப் பார்த்தாள். ஓரடிக்கு ஒரு பொட்டு. அவள் இதற்கு முன்னாலும் இப்படி ஒரு தரையைப் பார்த்திருக்கிறாள்.

"குங்குமம்" என்றாள், மெல்ல.

நயினார் வாயிலிருந்து, அன்று மணலில் நின்றபோது காதில் கேட்ட சொல்லே வந்தது. "சண்முகக்கனி, காலத் தூக்கு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை, யாரென்று கேட்கவில்லை. சட்டென்று இடது காலைத் தூக்கிக்கொண்டு தூணைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் குனிந்து பாதத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கடைசியாக, வேறு யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி."

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். ஆவுடையம்மாள் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரால் கழுவி, குதிகாலில் ஏறியிருந்த சில்லைக் கவனமாக எடுத்து, கல்யாண வீட்டில் கொடுத்த புதுக் கைக்குட்டையால் கட்டினாள். விரல் நீளத்துக்குப் பாதி இருந்தது சில்லு. சண்முகக்கனி வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா?" என்றார் நயினார்.

"இல்ல."

"அப்ப என் காலு வலி?"

"அதுவும் இல்ல அண்ணாச்சி. பூட்ஸப் போட்டா ஒரு குறுகுறுப்பு இருக்கும். இப்ப அதுவும் கிடையாது."

"தினம் காலைல ரைட்டு சொல்லுதியேட்டி!"

"செருப்பத் தட்டிப் போட்டதும் நீங்க தட்டுவீகன்னு தெரியுமே. மனசுக்குள்ள ரெண்டு எண்ணிட்டுச் சொல்லுவேன்."

நயினார் அல்வாப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கம்பெனிக்காரன்ட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா அன்னைக்கே அனுப்பிருவான். புதுப் புள்ள வரும். அதுக்கும் ஒரு வருசத்துல இதே கதிதான். எங்க வரிசையில ஒம்பது பேரு இருக்கோம். இன்னும் வலி வாரது ரெண்டு பேருக்குத்தான்."

"அப்ப மத்தவங்க?"

"கேப்போம். பாக்கச் சொல்லுவோம். பாத்ததச் சொல்லச் சொல்லுவோம். யாரு கால்லயும் இதுவரைக்கும் ஒரு புண்ணு இல்ல." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஆனா எங்க காலப் பாக்கணும்னு எங்களுக்குத் தோணல பாத்தீகளா."

ஆவுடையம்மாள் முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள்: "எப்பத்துலேருந்து இப்படி?"

சண்முகக்கனி கைக்குட்டையின் ஓரத்தைத் திருகினாள்.

"சொல்லு தாயி."

"கடைசியா வலிச்சது நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள், நயினாரைப் பார்க்காமல். "மணலு. அண்ணாச்சி நாப்பது வரைக்கும் எண்ணுனாக."

வேப்பமரத்தில் ஒரு அணில் கத்தியது. நயினார் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார். பகடி வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. தனக்குள் எங்கேயாவது வலிக்கிறதா என்று தேடிப் பார்த்தார். குதிகாலில் தேடுகிற மாதிரியே இருந்தது. ஒன்றும் தட்டுப்படவில்லை. பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார்.

"சாப்பிடு" என்றார்.

அன்று சாயங்காலமே லூர்துசாமி வந்து, கோவில்பட்டியில் என்ன விசேஷம் என்று கேட்டார். நயினார் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். பாயசத்தில் முந்திரி கிடந்தது என்றார். வழக்கம்போல் முந்திரி எவ்வளவு பெரிதென்று அளந்துவிடவில்லை. லூர்துசாமிக்கே பயமாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஜெஸிந்தாவிடம் போனார். தன் காலைக் காட்டவில்லை. "வலிய ஏத்துக்கிடுற புள்ளைக்குக் காலு மரத்துப் போச்சுன்னா திரும்புமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் பேனாவை மூடினாள்.

"யாருக்கு?"

"சும்மாக் கேட்டேன்."

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பும்னு சொல்ல முடியாது" என்றாள். பிறகு, "பூட்ஸ அந்தப் புள்ள போடாம இருந்தா இன்னும் மோசமாகாது" என்றாள்.

மாசக் கடைசியில் கம்பெனியிலிருந்து வழக்கமான விசாரிப்பு வந்தது. இளைஞன் ஒருவன் எழுதி வைத்ததைப் படித்தான். "சார், உங்கள் பாதத்துணைவருக்கு வலி சரியாக வருகிறதா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நயினார் கால் மணி நேரம் பேசுவார். அன்று தன் காலுறையைப் பார்த்தார். காலையிலேயே கழற்றிக் கதவில் தொங்கவிட்டிருந்தார்.

"வருது" என்றார். "தம்பி, அங்க வேலை பாக்குற புள்ளைகளுக்குச் செருப்பு குடுங்க. உள்ளயும் போட்டு நடக்கணும்."

"அவங்களுக்கு எதுக்கு சார்? அவங்களுக்குத்தான் வலி தெரியுமே."

நயினார் துண்டித்துவிட்டார். அன்று தபாலில் ஒரு பெட்டி அனுப்பினார். ஒன்பது கைக்கண்ணாடிகளும் ஒன்பது ஜோடி மெத்தைச் செருப்புகளும். அளவு தெரியாததால் எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாகவே வாங்கினார்.

பெட்டி போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஏழு மணி. ஆவுடையம்மாள் வெந்நீரில் முழங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, கண்ணாடி எடுத்தீகளா?"

"எடுத்துட்டேன். நீ?"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். "பூட்ஸக் கழட்டிப் பக்கத்துல வச்சுட்டேன், விளக்கு சும்மாதான் எரியுது. எடுத்துட்டேன்."

"குதிகாலு?"

"ஆஸ்பத்திரியில போட்ட தையலு காஞ்சிருக்கு. உங்களுக்கு?"

"சுத்தம். விரலிடுக்கு?"

"சுத்தம். உங்களுக்கு விரலு?"

"ஒம்பதும் ஆஜர்."

கண்ணாடியில் இரண்டு உள்ளங்கால்களும் வெளுப்பாகத் தெரிந்தன. நயினார் செருப்பைக் கவிழ்த்துத் தட்டினார், கையை விட்டுத் தடவினார், வெறுங்காலில் மாட்டிக்கொண்டார். கதவில் காலுறை ஆடிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் குதிகால்களைத் தரையில் தட்டினார். அவர் பக்கத்தில் அது தெரிகிற கால் இல்லை. அந்தப் பக்கத்திலும் இல்லை.

இரண்டு எண்ணுகிற நேரம் போயிற்று.

"ரைட்" என்றாள் சண்முகக்கனி.